பிரேக் ஆயில் எங்கே போகிறது? ஜீப்பின் சிவப்பு விளக்கைப் புரிந்துகொள்வது

கொல்லிமலையில் சோளக்காட்டுக்கு அப்பால், ஒரு மிளகுத் தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதையில்தான் அந்த விளக்கை முதலில் பார்த்தேன். முந்தின இரவு நல்ல மழை. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டியின் மூக்கு கீழே சாய்ந்ததும் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு வட்டம், அதன் நடுவில் ஆச்சரியக்குறி. பத்தடி போய்ப் பாதை சமமானதும் அணைந்துவிட்டது. அடுத்த சரிவில் மறுபடி எரிந்தது. ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, லிவரைக் கீழே அழுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும் என்பது அப்போது மனதில் வரவே இல்லை.

அந்த விளக்கு எதனால் எரிகிறது என்று தெரிந்திருந்தால் அதே இடத்தில் வண்டியை நிறுத்திப் பானட்டைத் திறந்திருப்பேன். மலைப்பாதை, காட்டுப்பாதை, ஆற்று மணல் என்று ஜீப் ஓட்ட ஆரம்பித்திருப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மெக்கானிக் வேலை முழுதும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. விளக்கு சொல்வது என்ன, ஆயில் எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டும் புரிந்தால் போதும்.

விளக்குக்கு என்ன தெரியும்?

வண்டி நிற்குமா நிற்காதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. பெரும்பாலான ஜீப் வகை வண்டிகளில் அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, ஹேண்ட் பிரேக் லிவர் மேலே இழுத்திருக்கிறதா என்பது. லிவரின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. இன்னொன்று, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறதா என்பது. டப்பாவுக்குள் காந்தம் வைத்த ஒரு மிதவை இருக்கும். ஆயில் குறையக் குறைய மிதவையும் இறங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் சுவிட்ச் சேர்ந்து விளக்கு எரியும். சில பழைய வண்டிகளில் மூன்றாவதாக ஒரு சுவிட்ச் உண்டு. முன்சக்கர பிரேக் லைனுக்கும் பின்சக்கர பிரேக் லைனுக்கும் இடையே அழுத்தம் வித்தியாசப்பட்டால் அது விளக்கை எரிய வைக்கும். மிகப் பழைய ஜீப்புகளில் மட்டத்தைக் காட்டும் சுவிட்சே கிடையாது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு தடவை டப்பாவைப் பார்ப்பதுதான் வழி.

இப்போது அந்தச் சரிவுக்கு வருவோம். ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். டப்பாவிலும் அதுவேதான் நடக்கிறது. ஆயில் நிறைய இருக்கும்போது எவ்வளவு சாய்ந்தாலும் மிதவைக்கு அடியில் ஆயில் இருக்கும். மட்டம் மினிமம் கோட்டை நெருங்கிவிட்டால், சாய்வில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது மிதவை இறங்கிவிடும். அதனால்தான் சரிவில் எரிந்து சமதரையில் அணைகிறது. வளைவில் திரும்பும்போதும், சட்டென்று பிரேக் போடும்போதும் ஒரு கணம் மின்னிவிட்டுப் போவதற்கும் காரணம் இதுதான். விட்டுவிட்டு எரிகிற விளக்கை வயர் கோளாறு என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளிவிடாதீர்கள். ஆயில் குறைவதற்கு நமக்குக் கிடைக்கிற முதல் தகவல் அது. நிரந்தரமாக எரிய ஆரம்பிப்பதற்கு முன்னால் கிடைக்கும் அவகாசம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரி, வயர் கோளாறே வராதா என்றால், வரும். சேற்றில் ஓடும் வண்டியில் ஹேண்ட் பிரேக் சுவிட்சில் மண் அடைத்து, லிவர் இறங்கியும் சுவிட்ச் இறங்காமல் நிற்பதுண்டு. மிதவை ஆயிலை உறிஞ்சி மூழ்கிவிடுவதும் உண்டு. அப்போது மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரியும். பெரும்பாலான பழைய வண்டிகளில் இதைப் பிரித்துப் பார்ப்பது எளிது. டப்பாவில் இருக்கும் வயர் கனெக்டரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் தகவல் டப்பாவிலிருந்து வருகிறது. அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் பக்கம் தேடுங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கண்ணால் மட்டத்தைப் பார்த்தாக வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டப்பாவின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஆயில் மினிமம், மேக்சிமம் என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கோளாறு இன்னும் ஆபத்தானது. விளக்கே எரியாமல் போவது. சாவியைத் திருப்பி ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்போ வயரோ போயிருக்கிறது. மிதவை மூடியோடு சேர்ந்து இருக்கும் வண்டிகளில், சாவியைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு மூடியைத் தூக்கிப் பிடியுங்கள். மிதவை தொங்கும், விளக்கு எரிய வேண்டும். அரை நிமிட வேலை.

மஞ்சளாக எரிகிற ஏபிஎஸ் விளக்கு வேறு சமாச்சாரம். அது மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் இருக்காது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்து பெடலும் கெட்டியாக இருந்தால், கணினி போட்டுப் பார்க்கும் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள்.

தீர்ந்துபோகிற பொருள் இல்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: பிரேக் ஆயில் டீசல் மாதிரி எரிந்து தீராது. இன்ஜின் ஆயில் மாதிரி ஓட ஓடக் குறையாது. மூடிய குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும் திரவம் அது.

பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான் இங்கே வேலை செய்கிறது. அடைபட்ட திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் போகும். நீங்கள் பெடலை மிதிக்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் இரும்புக் குழாய் வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. சக்கரத்தில் இருக்கும் பிஸ்டன் மாஸ்டர் பிஸ்டனைவிடப் பரப்பில் ஐந்து மடங்கு பெரிது என்றால், தள்ளும் விசையும் ஐந்து மடங்காகிறது. காலை எடுத்ததும் ஆயில் திரும்பிவிடும். எதுவும் செலவாவதில்லை.

அப்படியானால் மட்டம் ஏன் குறைகிறது? காரணம் இரண்டுதான். ஒன்று தேய்மானம், மற்றது கசிவு.

தேய்மானம் எப்படி ஆயிலைக் குறைக்கும் என்பது பலருக்குப் புரிவதில்லை. முன்சக்கர டிஸ்க் பிரேக்கில், சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். அது விட்டுவந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்ளும். ஒரு கணக்குப் போடுவோம். பிஸ்டனின் விட்டம் 54 மில்லிமீட்டர். இரண்டு பேடும் ஆளுக்கு 8 மில்லிமீட்டர் தேய்ந்தால் பிஸ்டன் 16 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 36 மில்லி ஆயில். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 70 மில்லிக்கு மேல். அந்தச் சின்ன டப்பாவில் மேக்சிமத்திலிருந்து மட்டம் வெகுவாக இறங்க இதுவே போதும். ஒரு சொட்டுக்கூட வெளியே போயிருக்காது. இந்த நிலையில் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டால், பிறகு புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து ஓடும். வழிகிற பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். அதனால் மட்டம் குறைந்தால் முதலில் பேடைப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

தேய்மானமா, கசிவா என்பதை வேகம் காட்டிக்கொடுக்கும். பேட் தேய்ந்து மட்டம் இறங்க மாதக்கணக்கில் ஆகும். சேற்றில் ஓடும் வண்டியில் மணல் அரைத்துக் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு விரல் கனம் இறங்கினால் அது கசிவு. டப்பாவின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். இதைவிட மலிவான கருவி கிடையாது.

வண்டியைக் கிளப்பும் முன்னால் பெடலைக் கேளுங்கள்

விளக்கு எரிந்தால் வண்டியை ஓட்டலாமா கூடாதா என்பதைப் பெடல்தான் சொல்ல வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கெட்டியாகும். அதே அழுத்தத்தில் அரை நிமிடம் காலை வைத்திருங்கள். அசையாமல் நின்றால் நல்லது. மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கப் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுகிறது. இப்படி உள்ளுக்குள் நழுவும்போது டப்பாவில் மட்டம் குறையவே குறையாது, விளக்கும் எரியாது. விளக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. முதல் மிதியில் தரையைத் தொட்டு, இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்தால் காற்றாக இருக்கலாம், அல்லது பின்சக்கர டிரம்மில் (சக்கரத்தோடு சுழலும் உருளை) உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கலாம். இதில் எது நடந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பெடல் கெட்டியாக இருந்து, மட்டம் மட்டும் மினிமத்தை ஒட்டி இருந்தால், சரியான ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, குறைந்த வேகத்தில் பக்கத்துப் பட்டறைக்குப் போகலாம். மலை இறங்கித்தான் போக வேண்டும் என்றால், கசிவு எங்கே என்று தெரியாமல் இறங்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

பின்சக்கரத்து ஈரம்

என் வண்டி விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று வளைவுகளையெல்லாம் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் இறங்கிவந்ததால் தப்பித்தேன். மறுநாள் பார்த்தால் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். டயரின் உள்சுவரில் செம்மண் கறுத்து ஒட்டியிருந்தது. ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் போய்விட்டது என்றார்கள். சீலை மாற்றி, பிரேக் ஆயிலையும் மேக்சிமம் வரை ஊற்றிக் கொடுத்தார்கள். விளக்கு அணைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். பதினைந்து நாளில் ஒரு சரிவில் மறுபடி விளக்கு மின்னியது.

இந்த முறை சேந்தமங்கலம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் எடுத்ததும் டிரம்மைக் கழற்றவில்லை. சக்கரத்தின் பின்னால் குந்தி உட்கார்ந்து, டிரம்மின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பேக் பிளேட்டின் அடியில் விரலால் தொட்டார். இரண்டு விரலையும் உரசிப் பார்த்தார். மோந்தார். அப்புறம் திரும்பி, "தம்பி, ஒரு டம்ளர்ல கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றார். ஒரு குச்சியின் நுனியில் அந்த ஈரத்தை வழித்துத் தண்ணீரில் விட்டார். செம்மண் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே எண்ணெய்ப் படலம் எதுவும் இல்லை. "கியர் ஆயிலா இருந்தா மேல மிதக்கும். இது கரைஞ்சு போச்சு பாருங்க. இது பிரேக் ஆயில்தான்."

இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் பதினைந்து நாளும் ஓர் ஆயில் சீலும் மிச்சமாகியிருக்கும். டாட் 3, டாட் 4 தர பிரேக் ஆயில் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் கலந்துவிடும். கியர் ஆயில் கலக்காது, வண்ணப் படலமாக மேலே நிற்கும். தொட்டாலும் வித்தியாசம் தெரியும். பிரேக் ஆயில் மெலிதாக வழுக்கும். கியர் ஆயில் தடிமனாக இருக்கும், கந்தகம் கலந்த ஒரு வாடை அடிக்கும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டுவிடக் கூடாது.

பட்டறைக்காரர்கள் ஆயில் சீலைச் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காட்டுப்பாதையில் ஓடும் வண்டியில் பின் ஆக்சிலின் மேல் இருக்கும் காற்றுத் துவாரம் சேற்றில் அடைத்துக்கொள்ளும். ஓட ஓட ஆக்சிலுக்குள் சூடேறி அழுத்தம் கூடும். வெளியேற வழி இல்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் வரும். இரண்டு கசிவும் வந்து நிற்பது ஒரே இடத்தில். அதனால்தான் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

டிரம்மைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. டிரம்முக்குள் மேல்பக்கம் வீல் சிலிண்டர் இருக்கும், கட்டைவிரல் நீளம்தான். இரண்டு முனையிலும் இரண்டு பிஸ்டன், உள்ளே ரப்பர் கப்புகள், நடுவில் ஒரு ஸ்பிரிங். முனைகளில் தூசி போகாமல் ரப்பர் மூடி போட்டிருக்கும். அவர் அந்த மூடியின் விளிம்பைச் ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தூக்கினார். ஆயில் சொட்டாக உருண்டு வந்து ஷூவின் மேல் விழுந்தது. ரப்பர் மூடி கிழிந்து, ஓடை கடக்கும்போதெல்லாம் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சிலிண்டரின் உள்சுவர் துருப்பிடித்துச் சின்னச் சின்னக் குழியாகிவிட்டது. அதன் மேல் நகரும் ரப்பர் கப் எவ்வளவு நாள் தாங்கும்? மூடிக்குள் லேசான ஈரம் இருந்தால் பரவாயில்லை. சொட்டினால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். கப்பை மட்டும் மாற்றினால் குழி விழுந்த சுவர் புதுக் கப்பையும் அரைத்துவிடும்.

ஆயிலில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவியோ, நெருப்பில் காட்டியோ மறுபடி போடும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். ஊறிய லைனிங் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) ஒழுங்காகப் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் ஈரமான இறக்கத்தில் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மற்ற இடங்கள்

ரப்பர் ஹோஸ்தான் காட்டுப்பாதை வண்டியின் அடுத்த பலவீனம். முன்சக்கரங்களுக்கு ஆளுக்கொன்று. பின் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும் ஜீப்புகளில் பெரும்பாலும் சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு நடுவில் ஒரே ஒரு ஹோஸ் இறங்கும். ஒரு சக்கரம் பாறை மேலும் மறுசக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது அந்த ஹோஸ் எவ்வளவு இழுபடுகிறது என்று கீழே குனிந்து பாருங்கள். சஸ்பென்ஷனை உயர்த்தியவர்கள் பழைய நீளத்திலேயே ஹோஸை விட்டுவிட்டால், முழுதும் தொங்கும்போது அது விறைத்து நிற்கும். டயர் பெரிதாக்கியவர்கள் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டயரோ ரிம்மோ ஹோஸில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸை மடக்கிப் பார்த்து, வெடிப்பு, புடைப்பு, உரசிப் பளபளத்த இடம் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இரும்புக் குழாயை வெளியே கல் நசுக்கும், கிளிப்புக்கு அடியில் அப்பியிருக்கும் சேறு துருப்பிடிக்க வைக்கும். வண்டியைக் கழுவும்போது அந்தக் கிளிப்புகளின் அடியைக் கழுவுங்கள். பின் ஆக்சிலுக்கு மேல், சுமைக்கு ஏற்றபடி பின்பிரேக்கை ஏற்றி இறக்கும் ஒரு வால்வு சில வண்டிகளில் இருக்கும். அதன் கம்பியைச் சுற்றியும் கசியும்.

எங்கே தேடினாலும் காய்ந்தே கிடக்கிறது, ஆனால் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் இரண்டு இடம் பாக்கி. மாஸ்டர் சிலிண்டரின் பின்முனை பூஸ்டரோடு ஒட்டி இருக்கிறது. அந்தப் பின்முனை சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கித் தேங்கும், தரையில் ஒரு சொட்டு விழாது. இரண்டும் சேரும் இடத்துக்கு அடியில் பெயிண்ட் கொப்புளித்து உரிந்திருந்தால் அதுதான். பெட்ரோல் வண்டியில் அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சி வெள்ளைப் புகையாக வெளியே தள்ளுவதும் உண்டு. பூஸ்டர் இல்லாத பழைய ஜீப் என்றால் பெடலுக்கு மேலே, கால்மிதியின் ஈரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது இடத்தைச் சொன்னால் புதியவர்கள் ஆச்சரியப்படுவார்கள்: கிளட்ச். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. கிளட்ச் சிலிண்டர் கசிந்தால் எரிவது பிரேக் விளக்கு. டப்பாவின் பக்கவாட்டில் மெல்லிய ஒரு ரப்பர் குழாய் கிளம்பி கிளட்ச் பெடல் பக்கம் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால், கியர் விழச் சிரமப்படுகிறதா, கியர் பாக்ஸ் முன்பக்கத்தின் அடியில் ஈரமா என்று தேடுங்கள்.

இந்தத் தேடலுக்கெல்லாம் ஒரே முறைதான். அடிப்பக்கத்தைக் கழுவிக் காய வையுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியிலும் இன்ஜினுக்கு அடியிலும் பழைய செய்தித்தாள் விரியுங்கள். ஒருவரை உட்காரவைத்துப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வண்டி சமதரையில், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது.

என்ன ஆயில்?

டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதுதான் ஊற்ற வேண்டியது. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4-க்கு அது 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3-இன் கொதிநிலை 140 வரைக்கும், டாட் 4-இன் கொதிநிலை 155 வரைக்கும் இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் சக்கரத்துச் சூடு ஆயிலைக் கொதிக்கவைத்துவிடும். கொதித்தால் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். அரை மணி ஆறியதும் பழையபடி கெட்டியாகிவிடும். கசிவே இல்லாமல் இப்படி நடந்தால் ஆயில் பழசாகிவிட்டது என்று பொருள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. அடிக்கடி தண்ணீர் கடக்கும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம்.

அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஊற்றாதீர்கள். பிரேக்கின் ரப்பர் பாகங்கள் அத்தனையும் ஊதிக் கெட்டுவிடும், முழு லைனையும் பிரித்து மாற்ற வேண்டிவரும். பாதி பயன்படுத்தி மாதக்கணக்கில் திறந்துகிடந்த டின்னும் வேண்டாம். சின்ன டின்னாக வாங்குங்கள்.

இறக்கத்தில் பெடல் போய்விட்டால்

பதறாமல் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் சேரலாம். இன்றைய பிரேக் அமைப்பு இரண்டு தனித்தனிச் சுற்றாக இருக்கிறது. அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இது கட்டாயம். டப்பாவுக்குள்ளும் தடுப்பு உண்டு, ஒரு சுற்று முழுதும் வடிந்தாலும் மறுசுற்றுக்கு ஆயில் மிஞ்சும். பெடல் ஆழமாகப் போகும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், ஆனால் நிற்க வாய்ப்பிருக்கிறது. கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். நியூட்ரலுக்குப் போகாதீர்கள், இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் பூஸ்டரின் உதவியும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக் கம்பியால் இழுபடுவது, ஆயிலை நம்பி இல்லை. பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிச் சறுக்கும். ஒன்றும் முடியவில்லை என்றால் பள்ளத்துப் பக்கத்தை விட்டு மலைச் சுவரை ஒட்டி உரசி நிறுத்துங்கள்.

மண் பாதையின் செங்குத்தான இறக்கத்தில், இறங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி ஃபோர் வீல் லோ கியரில் போட்டு முதல் கியரில் இறங்கினால், இன்ஜினின் பிடிப்பு நான்கு சக்கரத்துக்கும் போகும். பெடலைத் தொடாமலேயே பல சரிவுகளை இறங்கிவிடலாம்.

காற்றை எடுப்பது

சிலிண்டரோ ஹோஸோ மாற்றினால் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் இடது பின்சக்கரம். சக்கரத்தில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலில் மூழ்கவிடுங்கள். உள்ளே ஒருவர் பெடலை அழுத்திப் பிடிப்பார். என் மகள்தான் அன்று உட்கார்ந்தாள். "மிதிச்சாச்சா?" "மிதிச்சாச்சுப்பா." நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் குமிழியோடு ஆயில் வரும். மூடிவிட்டு, "விடு." இந்த வரிசை மாறக் கூடாது. மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போகும். நடுநடுவே டப்பாவை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கப் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கும், பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அதில் உரசிக் கிழியும். குமிழி இல்லாமல் தெளிவான ஆயில் வந்ததும் அடுத்த சக்கரம். பாட்டிலில் சேர்ந்ததை மறுபடி ஊற்றக் கூடாது.

வேலை முடிந்ததும் டப்பாவில் கோடு போட்டுத் தேதி எழுதினேன். சமதரையில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். பத்து நாள் கழித்து அதே மிளகுத் தோட்டத்துக்குப் போனபோது, முதலில் விளக்கு எரிந்த அந்தச் சரிவில் மூக்குக் கீழாக வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. இறங்கிப் போய் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டேன். விரலில் ஒட்டியது காய்ந்த செம்மண் மட்டும்தான்.